வீடு எனக்கு, நான் யாருக்கு?

போன ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம் அது. ஒரு சனிக்கிழமை, ஓசூரில் என் கணவரின் அலுவலக நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் இருவரும் காரில் போயிருந்தோம். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பத்து வயது. சளி பிடித்திருந்ததால், பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் அவளை விட்டுவிட்டுப் போனோம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் அவள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் இரண்டு கூட. பள்ளி விழாக்களில் என்னைப் பாட்டி என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. நானும் ஆசிரியைதான் என்பதால் அதைச் சிரித்துக் கடந்துவிடப் பழகியிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்திபெலே தாண்டும் இடத்தில் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. என் கணவர் பிரேக் போட்டார். நாங்கள் நின்றுவிட்டோம்; பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. அந்தச் சத்தத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. கார் அரைவட்டம் சுற்றி, நடுச்சுவரில் மோதி நின்றது. திரும்பிப் பார்த்தேன். என் மகள் எப்போதும் உட்காரும் பின் சீட் முழுவதும் கண்ணாடித் தூள்.

எங்கள் இருவருக்கும் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. யாரோ கதவை இழுத்துத் திறந்து என்னை ஓரமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, கேட்காமலேயே ஒரு காயைச் சீவி என் கையில் கொடுத்தார். நான் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததும், தானே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, கொழந்த குட்டி இருக்குதா? யார்கிட்ட உட்டுட்டு வந்தீங்க?"

"மாடி வீட்டுல" என்றேன்.

"அவங்க சொந்தமா?"

"இல்ல. வாடகைக்கு இருக்காங்க."

"சரி, குடி" என்றார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமைக்கும்போதும், வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போடும்போதும் அதே கேள்வி. அன்று நாங்கள் இருவரும் அந்தக் காரிலேயே முடிந்திருந்தால், சாயங்காலம் மாடி வீட்டு அம்மா என் மகளை யாரிடம் கொண்டுபோய் விட்டிருப்பார்?

அடுத்த வாரமே என் கணவரிடம், உயில் எழுத வேண்டும் என்று சொன்னேன். அவர் எதையும் கிண்டலாகவே எடுத்துக்கொள்கிறவர்.

"உயிலா? நம்ம என்னா ஜமீனா வெச்சிருக்கோம்? ஒரு சின்ன வீடு, பங்காருப்பேட்டைல ஒரு காலி சைட்டு. அந்த சைட்டுலயும் எருமை மேயுது. எருமைக்கே எழுதிடலாமா?"

"எருமைக்கு அப்பா அம்மா இருக்கு. உங்க பொண்ணுக்கு யோசிங்க."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அந்தச் சத்தம் காதில் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அட்வகேட்டின் அலுவலகம். நடுத்தர வயதுப் பெண்மணி. கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். போவதற்கு முன் எனக்கு இருந்த பெரிய பயம் செலவுதான். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், ஃபீஸ் என்று எங்கே கொண்டுபோய் விடுமோ என்று நினைத்தேன். உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும் என்றார். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. அந்தக் கட்டணமும் சொற்பம்தான் என்றார். அவருடைய ஃபீஸையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் காரின் பின்பக்கத்தைச் சரிசெய்யக் கொடுத்ததைவிடக் குறைவு. "இத்தனை வருஷம் இதுக்கா பயந்தோம்?" என்று என் கணவர் என்னைப் பார்த்தார்.

உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்றுதான் அட்வகேட் முதலில் கேட்பார் என்று நினைத்து, பத்திரங்களை எல்லாம் பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் பையைத் திறக்கவே விடவில்லை.

"அது அப்புறம் நோடோணா, பாத்துக்கலாம். உங்களுக்கு யார் இருக்காங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

நான் பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

அன்று அவர் சொன்ன விஷயங்கள் பல எனக்குப் புதிது. இன்சூரன்ஸிலும் பேங்கிலும் நாமினி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொடுக்கும் ஆள் மாதிரிதான், அது கடைசியில் யாருக்குச் சேர வேண்டும் என்பது வேறு விஷயம் என்றார். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக உயில் எழுதுவதே நல்லது என்றார். மகளுக்குப் பதினெட்டு ஆகும்வரை அவளை யார் வளர்ப்பது, அவள் பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்று பெயரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்றார். நாளைக்குத் தகராறு வந்தால் கோர்ட் குழந்தையின் நலனைத்தான் பார்க்கும். ஆனால் பெற்றவர்களே எழுதி வைத்த பெயருக்குப் பெரிய மதிப்பு உண்டு. "அந்தப் பேரை மட்டும் யோசிச்சுட்டு வாங்க. மிச்சம் எல்லாம் நான் எழுதிடுவேன்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு பெயரில்தான் எங்கள் வீடு இரண்டாகிவிட்டது.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? அண்ணன் இருக்காரு" என்றார் என் கணவர்.

அவருடைய அண்ணன் கே.ஜி.எஃப்.பில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். தகப்பனார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர், இளவயதிலேயே போய்விட்டார். மாமியார் அதற்கும் முன்பே. அதற்குப் பிறகு என் கணவரை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிவைத்தது எல்லாம் அந்த அண்ணன்தான். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் என் மகள் அங்கேதான் இருப்பாள். அவள் போகும் நாளுக்காகவே அந்த வீட்டில் வெள்ளை அடிப்பார்கள்.

எனக்கும் அவர்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கணக்கு டீச்சர். என் மகள் காலேஜ் போகும்போது மாமாவுக்கு எழுபது தாண்டிவிடும். அக்காவுக்குச் சர்க்கரை, முட்டி வலி. மறுபடியும் ஒரு முறை அவளை அநாதையாக்குவதா? என் தங்கைக்கு நாற்பது வயதுதான். நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரேசர் டவுனிலேயே வாடகை வீட்டில் இருக்கிறாள்.

"உன் தங்கச்சி டூட்டிக்குப் போனா பாப்பாவ எங்க உடுவா? எமர்ஜென்சி வார்டுல உக்கார வெப்பாளா?"

"உங்க அண்ணன் வீட்டுல மட்டும் என்னவாம்? போன லீவுல ஒரு மாசமா பாப்பா பல்லே வெளக்கலை. கேட்டா, பெரியப்பா பரவால்லன்னு சொன்னாராம்."

"பாசத்துல சொல்லியிருப்பாரு."

"அந்தப் பாசத்துக்குப் பல் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தது நான்."

இப்படியே சில வாரங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்பா, இந்த வீடு யாருக்கு?"

"உனக்குத்தான்டா."

"மாடி வீடு?"

"அதுவும் உனக்குத்தான்."

"பங்காருப்பேட்டை சைட்டு?"

"அது பெரியப்பாவுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம்."

அவள் தோசையை மென்று முடித்தாள். "சரி. வீடு எனக்கு. நான் யாருக்கு?"

என் கணவர் கையில் இருந்த சட்னிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார். நான்தான் எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உனக்கு யாரிடம் இருக்கப் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"சித்திகிட்ட."

"ஏம்மா? பெரியம்மாவப் புடிக்காதா?"

"பெரியம்மாவ ரொம்பப் புடிக்கும். ஆனா நீங்க இல்லன்னா பெரியம்மா எப்பப் பாத்தாலும் அழுவாங்க. நான் அவங்கள சமாதானப்படுத்திக்கிட்டே இருக்கணும். சித்தி அழமாட்டாங்க." பிறகு, "இன்னொரு தோசை" என்றாள்.

பத்து வயதுக் குழந்தைக்குத் துக்க வீட்டில் என்ன தேவைப்படும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் கணவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, "சரி, உன் தங்கச்சிகிட்டயே கேளு" என்றார்.

கேட்டதும் கண் கலங்கி, கட்டாயம் செய்கிறேன் அக்கா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் தங்கையிடம் போனேன். அவள், "யோசிச்சு சொல்றேன்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சொந்த அக்கா மகள்தானே என்று ஆட்டோவில் திரும்பும்போது மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். சில நாள் கழித்து அவளே வந்தாள்.

"வெளிநாட்டு வேலைக்கு நான் பரீட்சை எழுதிக்கிட்டிருக்கேன், உனக்குத் தெரியாது. நான் போனா பாப்பாவும் என்கூட வரும். உனக்கு சம்மதமா? அப்புறம், நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

"யாருடி அது?"

"யாரும் இல்ல. கேள்விதான். வர்றவன் பாப்பாவோட சேர்த்துதான் என்னைக் கட்டிக்கணும். அதுக்கு ஒத்துக்கறவன்னாதான். இதை எல்லாம் யோசிக்காம சரின்னு சொல்லிட்டா அது பொய்க்கா."

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சில நாளும் அவள் தன் வாழ்க்கையையே கலைத்து, என் மகளுக்கு அதில் ஓர் இடம் போட்டு, மறுபடி அடுக்கிப் பார்த்திருக்கிறாள். உயிலுக்கு ஆகும் செலவு என்றால் நான் ஃபீஸை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். மாமாவிடமும் அக்காவிடமும் இதை யார் சொல்வது?

நாங்கள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இன்று நினைத்தாலும் கூசும் ஒரு யோசனை செய்தோம். எங்கள் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் மூத்தவர் கையெழுத்துத்தான் முதலில். எங்கள் கல்யாணத்தன்று சர்ச் ரிஜிஸ்டரில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் மாமா. மகளின் ஞானஸ்நானத்தின்போதும் அவர்தான். அதனால், உயிலுக்கும் அவரும் அக்காவும் சாட்சியாக இருக்கட்டும், அந்த மரியாதையிலேயே அவர்கள் மனம் நிறைந்துவிடும் என்று முடிவு செய்தோம். சாட்சிக்கு உள்ளே எழுதியிருப்பது தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை என்று அட்வகேட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பங்காருப்பேட்டை சைட்டையும் அவருக்கு எழுதியாயிற்று. பின்னாளில் தெரியவரும்போது, தம்பி என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம்.

சாட்சி யார் என்று நாங்கள் அட்வகேட்டிடம் சொல்லவில்லை. இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்றார், கூட்டிப் போனோம்.

இருவரும் காலை ரயிலில் கண்டோன்மென்ட் வந்து இறங்கினார்கள். மாமா கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அக்கா கையில் வீட்டு முருங்கைக்காய்க் கட்டு, மகளுக்கு நெய் பிஸ்கட். "ஒரு கையெழுத்துக்கு இன்னாத்துக்குடா வக்கீலு? நம்ம வீட்லயே போட்டிருக்கலாம்ல?" என்று மாமா படி ஏறும்போது கேட்டுக்கொண்டே வந்தார்.

அட்வகேட் அவர்களுடைய ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். மாமாவின் பெயரை ஒருமுறை வாசித்தார். பிறகு தன் கையில் இருந்த தாளைப் புரட்டினார். மறுபடி ஆதாரைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷா. இவர் உங்க அண்ணாவா?"

"ஆமா மேடம்."

"இவருக்கு இதுல நீங்க எழுதியிருக்கீங்களே. இவர் சாட்சி போட்டா அது செல்லாது. இவங்க மிஸ்ஸஸ் போட்டாலும் செல்லாது. உயில் நிக்கும், ஆனா இவருக்குக் குடுத்தது மட்டும் போயிடும். இந்துக்களா இருந்தா இது இப்படி வராது. நீங்க கிறிஸ்தவங்க, உங்க சட்டத்துல இது இருக்கு. சாட்சி இவங்கதான்னு என்கிட்ட முந்தியே சொல்ல வேண்டாமா?"

மாமாவை கௌரவிக்க நாங்கள் செய்த ஏற்பாடு, அவருக்குக் கொடுத்ததையே பிடுங்கிக்கொண்டிருக்கும். மாமாவுக்கு அது எதுவும் புரியவில்லை. வேறொன்றுதான் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்கா? எனக்கு இன்னாடா எழுதின?"

"பங்காருப்பேட்டை சைட்டுணா."

"அத்த எனக்கு யாரு கேட்டா? நான் இன்னா அங்க விவசாயம் பண்ணப் போறனா? பாப்பாவுக்கு எழுதுடா."

முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்போ பாப்பா?" என்றார். "பாப்பாவ யார்கிட்டன்னு எழுதினு கீறீங்க?"

அட்வகேட் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே பேக்கரியிலிருந்து பன் வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. நான்தான் சொன்னேன்.

"என் தங்கச்சிகிட்டக்கா."

"ஓ!" என்றார் அக்கா. "கண்ணாலமே ஆவாத பொண்ணு கொழந்தைய வளக்கும். நாங்க சைட்டுல கொட்டா போட்டுகினு எருமைய ஓட்டினு இருப்போம். நல்லா கீதும்மா உங்க நாயம்."

மாமா எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். பின்னாலேயே போகப் பார்த்த என் கணவரை, "கொஞ்ச நேரம் விடுங்க சார்" என்று அட்வகேட் நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேக்கரி வாசலில், கையில் டீ கிளாஸோடு, குடிக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே தெரிந்தது.

நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வயசு, சர்க்கரை, முட்டி வலி என்று என் கணக்கை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கடைசியில், தோசை சாப்பிட்டபடி மகள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். பெரியம்மாவை ரொம்பப் பிடிக்கும், ஆனால் பெரியம்மா அழுதுகொண்டே இருப்பார், நான்தான் சமாதானப்படுத்த வேண்டும் என்று.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அந்தக் கழுதைக்கு என்னப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்குது. பாரு, நீங்க ரெண்டு பேரும் கல்லாட்டம் உக்காந்துகினு கீறப்பவே அழுவுறேன்" என்றார். அட்வகேட் மேஜைக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

மாமா திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதப் பை. சூடான பன். எல்லோருக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்தார், அட்வகேட்டுக்கும். கொடுத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், அந்த சைட்டு பேராவ அடிச்சிடுங்க. அதுவும் பாப்பாவுக்கே போவட்டும். நான் சாட்சி போடறேன்."

"தேவையே இல்ல சார்" என்றார் அட்வகேட். "என் ஆஃபீஸ்ல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க சாட்சி போடலாம். உங்களுக்கு எழுதினது உங்களுக்கே இருக்கும். அதோட, சாட்சிங்கறவங்க எழுதறவங்களைவிடச் சின்ன வயசா இருந்தா நல்லது."

"சாட்சிக்கு இன்னா வேலை, அத்தச் சொல்லுங்க."

"நாளைக்கு யாராவது கேஸ் போட்டா, கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். இவங்க என் கண்ணெதிர்ல கையெழுத்துப் போட்டாங்க, நல்ல புத்தியோட, யாரும் கட்டாயப்படுத்தாம போட்டாங்கன்னு."

"அதுக்குத்தான் மேடம் நான் போடணும்." அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "டேய், அப்பா செத்தப்ப நீ குடியாத்தத்துல கொஞ்ச நாள் இருந்தியே, ஞாபகம் கீதா?"

"ஆமா. லீவுக்குப் போயிருந்தேன். மாங்கா தோப்பு இருக்கும்."

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொந்தக்காரங்க உன்னக் கூட்டினு பூட்டாங்க. கண்ணாலம் ஆவாத பையன், ஷிப்டு வேலைக்கு அலையறவன், இவன் இன்னா தம்பிய வளப்பான்னு. நான் போயி வாசல்ல நின்னேன். உள்ள கூப்படவே இல்ல. அப்பா எனுக்குத்தான் சொல்லிட்டுப் போனாருன்னு கத்தறேன். யாரு பாத்தா, யாரு கேட்டான்னு கேக்கறாங்க. எனுக்காக வந்து சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. உன்ன திருப்பிக் கொண்டாரதுக்குள்ள நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

என் கணவர் ஐம்பது வயது தாண்டிய மனிதர். இத்தனை காலமாக அதை ஒரு விடுமுறையாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக்கூட அந்த மாந்தோப்புக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மாமா அட்வகேட்டைப் பார்த்துப் பேசினார். ஆனால் எங்களுக்குத்தான் சொன்னார். "நாளைக்கு இவங்க தங்கச்சி பாப்பாவக் கூட்டினு போனா, மொதல்ல வாயத் தொறக்கப்போறது எங்க ஜனம்தான் மேடம். ரத்த சொந்தம் பெரியப்பா இருக்க, கண்ணாலம் ஆவாத சித்தி எதுக்குன்னு கேப்பாங்க. அந்தப் பெரியப்பனே கோர்ட்டுல வந்து நின்னு, ஆமா, என் தம்பி நல்ல புத்தியோடதான் எழுதினான், நான் பாத்தேன்னு சொல்லிட்டா? அப்புறம் எவன் பேசுவான்?"

"ஆனா வயசு..." என்றார் அட்வகேட்.

"அத்த பத்தி நீங்க கவலப்படாதீங்க. இந்தக் கையெழுத்துக்காகவே நான் நூறு வயசு இருப்பேன்."

"நான் மட்டும் சும்மா பன்னு துண்ணுகினு உக்காந்திருக்கவா? எனக்கும் பேனா குடுங்க" என்றார் அக்கா.

அட்வகேட் அதற்குமேல் வாதாடவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, சைட்டை மகள் பெயருக்கு மாற்றி, மறுபடி அச்செடுத்தார். நானும் என் கணவரும் ஆளுக்கொரு உயிலில் கையெழுத்துப் போட்டோம். மாமா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, தகப்பனாரின் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினார். எங்கள் கல்யாண ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் எழுதினார்; பின்னால் நின்ற பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு ஒரு நாள் எல்லோருமாக சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கும் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தோம்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டிலிருந்து என் தங்கைக்கு அவரே போன் செய்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். "ஏம்மா, எல்லாம் உன் பொறுப்புதான். நான் எதுலயும் தலையிடமாட்டேன். பல்லு வெளக்கச் சொல்ற வேலைய மட்டும் எங்கிட்ட குடுக்காத. எனுக்கு அது வராது." மறுமுனையில் அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை, மாமா ரொம்ப நேரம் சிரித்தார். என் மகள் நெய் பிஸ்கட் டப்பாவோடு அவர் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். யாரை யாருக்கு எழுதியிருக்கிறது என்ற கவலையெல்லாம் அவளுக்கு அந்தத் தோசையோடு முடிந்துவிட்டிருந்தது.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வரும்போது என் கணவர், "அந்த மாந்தோப்புல ஒரு நாள்கூட எனக்கு வீட்டு ஞாபகம் வந்ததில்லை. அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போவாருன்னு அப்பவே தெரியும் போல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இன்னும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் இன்றும் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் அத்திபெலே வழியாகப் போகும்போதெல்லாம் அந்த இளநீர் அம்மாவை என் கண் தேடும். அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதிலால் எல்லோரையும்விட அதிகம் காயப்பட்ட மனிதரே அதற்குச் சாட்சியாக நிற்கிறார்.